வத்தலக்குண்டு ஓஸ்

"இது ஓஸா, சல்லடையா? ஏ வள்ளி, இங்க வந்து பாரு!"

சண்முகவள்ளி ஓடி வந்தாள். பூண்டுப் பாத்திக்கு நடுவே அவள் கணவர் நாச்சிமுத்து வேட்டி நனைந்து நின்றார். பச்சை ஓஸ் நடுவில் கிழிந்து, தண்ணீர் அவர் முகத்துக்கே பீய்ச்சியது. கடைசிப் பாத்திக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

"இதுவுமாங்க போச்சு?"

"மொத ஓஸ் வெயில்ல வெடிச்சது. அடுத்ததுல நிப்பிள் குழாயில நிக்காம பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அதுக்கடுத்தது கிளிப் ஒடிஞ்சது. இப்ப ஓஸே பொத்தல். இத வித்தவன் ஒரு நாளாவது செடிக்குத் தண்ணி பாச்சிருப்பானா?"

"வெரசாப் போயி மாத்திட்டு வந்துர்றேங்க" என்றாள். குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

ஓஸ் கெட்டால்தான் அவள் வடகவுஞ்சியை விட்டு வத்தலக்குண்டுக்குப் போக முடியும். அங்கேதான் லாவண்யா இருக்கிறாள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன மகள். 'இந்த வீட்டுல அவ பேரை எடுக்கக் கூடாது' என்று அன்றைக்கு நாச்சிமுத்து சொன்னார். இரண்டு வருடமாக யாரும் எடுக்கவில்லை.

ஓஸ் விற்பது மருமகன் ராஜேஷ்குமார் என்பது அவருக்குத் தெரியாது. கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதும், அங்கே ஒரு பேரன் பிறந்திருப்பதும் தெரியாது. தெரிந்தால் அடுத்த ஓஸைப் பழனியில் வாங்குவார். அப்புறம் மகளும் இல்லை, பேரனும் இல்லை.

"நீ வேணாம். இந்தத் தடவை நானே போறேன்."



"உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்? இங்க சோலி கெடக்கு."

"ஒவ்வொரு தடவையும் நீ போற. அவன் இனிக்க இனிக்கப் பேசி இன்னொரு குப்பையத் தலையில கட்டுறான். நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும். சட்டைய எடு."

"அப்ப நானும் வாரேன்."

"வா. கடையக் காட்ட ஆளு வேணும்ல."

பெருமாள்மலையில் பஸ் மாறினார்கள். மலை இறங்கும்வரை அவள் விடவில்லை.

"இன்னைக்குக் கடை லீவா இருக்கும்ங்க."

"தெறக்கச் சொல்லுவோம்."

"பஸ் ஸ்டாண்டுகிட்டயே வேற நல்ல கடை இருக்குங்க."

"வித்தவன்கிட்டத்தான் கேக்கணும்."

மகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

கடையில் ராஜேஷ்குமார் மட்டும் இருந்தான். இருவரையும் பார்த்து எழுந்து நின்றான். நாச்சிமுத்து முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஓஸை மேஜைமேல் எறிந்தார்.

"ஏலே, என்ன ஓஸ் இது?"

"வாங்க மாமா."

"யாருக்கு மாமா? ஓஸப் பத்திப் பேசு."

"மாத்தித் தந்துர்றேங்க."

"எத்தனை தடவை மாத்துவ? உன் கிளிப்பு அப்பளமா ஒடியுது. நிப்பிளத் திருகுனா மரை வழுக்குது. மலைக்காரன் தானே, எங்க வந்து கேக்கப்போறான்னு நெனச்சியா?"

ராஜேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சத்தத்தில் உள்ளே குழந்தை வீறிட்டது.

நாச்சிமுத்து நிறுத்தினார்.

திரையை விலக்கிக்கொண்டு லாவண்யா வந்தாள், தோளில் குழந்தையோடு. அப்பாவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். சண்முகவள்ளி கண்களை மூடிக்கொண்டாள்.

"புள்ளைய ஏன் இப்படி அழ விடுற?" அவர் குரல்தான். ஆனால் கரகரத்திருந்தது. "கொண்டா இங்க. கழுத்தத் தாங்கித் தூக்கணும்னு கூடத் தெரியல."

கண்ணைத் திறந்தபோது குழந்தை அவர் கையில் இருந்தது. அது அழுகையை நிறுத்திவிட்டது. லாவண்யா அழுதுகொண்டிருந்தாள்.

"நீ வாய மூடு. இவன் மறுபடி ஆரம்பிச்சிருவான்" என்றார். யாரும் கூப்பிடாமலே உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "ஏத்தா, இவனுக்கு மூக்கு யாரக் கொண்டிருக்கு? என்னையா?" லாவண்யா பின்னாலேயே ஓடினாள்.

சண்முகவள்ளி உள்ளே போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ராஜேஷ்குமார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு மேஜைமேல் கிடந்த ஓஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தை, மொத ஓஸ் நெசமாவே மட்டமான சரக்கு. அத அனுப்புன கம்பெனிக்காரன்கிட்டயே சண்டை போட்டேன். அப்புறம் உங்களுக்குக் குடுத்ததெல்லாம் கடையிலயே ஒசத்தி. நிப்பிள்ல மரைய அரம் வெச்சு ராவியிருந்துச்சு. கிளிப்பு குறடு வெச்சு ஒடிச்சது. இது கத்தியால கீறுனது. மகளப் பாக்க வர உங்களுக்கு ஒரு சாக்கு வேணும்னுதான் நான் ஒண்ணும் கேக்கல. இனிமே நல்ல ஓஸ வெட்டாதீங்க அத்தை."

சண்முகவள்ளி தண்ணீரைக் குடிக்காமல் அவனைப் பார்த்தாள்.

"நானா? தண்ணி பாச்சுறது அவர் மட்டும்தான் மாப்ள. நான் ஓஸத் தொடுறதே உங்க கடைக்குத் தூக்கிட்டு வரத்தான்."