கரடியின் கைப்பக்குவம்

கரடிக்கு பீர் காய்ச்சுவதென்றால் உயிர். முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி வடித்து, ஈஸ்ட் போட்டு மூடிவைக்கும். அதற்குப் பிறகுதான் கை சும்மா இருக்காது. வரும்போதும் போகும்போதும் பானையைத் திறந்து மோந்து பார்க்கும்.

"மூடித் தொலைங்க. காத்துப் பட்டா புளிச்சிரும்," என்று பானைக்குள்ளிருந்து ஈஸ்ட் கத்தியது.

அதேபோலப் புளித்தும் விட்டது. சேர்த்துவைத்த பார்லியெல்லாம் வீணாப் போச்சே என்று நொந்துபோய், கொட்டிவிடலாமென்று கரடி பானையைத் தூக்கியது. அந்நேரம் பார்த்து வந்த முள்ளம்பன்றி ஒரு குவளை மொண்டு குடித்தது.

"அருமையான புளிப்பு. எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

கரடி பானையை மெல்லக் கீழே வைத்தது. "எல்லாம் கைப்பக்குவம்தான்."

அடுத்த தடவையும் ஈஸ்ட் கத்தியது.

கரடி மூடியைத் தூர எறிந்தது. "எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?"