சேற்று மேடு

மழை விட்டும் விடாத மாலை. ஆஸ்பத்திரிக்கு ஏறும் செம்மண் மேட்டின் அடியில் காண்ட்ராக்டர் ஒரு புதுச் சொகுசுக் காரை நிறுத்துகிறார். "மெயின் ரோட்டுல ஓட்டிப் பாக்கலாமே சார்" என்கிறார் பக்கத்தில் இருக்கும் ஷோரூம்காரர். "இல்ல தம்பி, இங்கதான் பாக்கணும்." போன மழைக்கு இதே மேட்டில்தான் பழைய காரின் சக்கரங்கள் சேற்றில் சுற்றிச் சுற்றி நின்றுபோயின; பின்சீட்டில் படுத்திருந்த மனைவி, "பதறாதீங்க, மெதுவா போலாம்" என்றதுதான் கடைசிப் பேச்சு. இப்போது வைப்பர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓய்கிறது. ஆக்சிலேட்டரில் கால் பட்டும் படாமல் அழுத்த, கார் துளியும் வழுக்காமல், பூனை மதில் ஏறுவதுபோல் ஏறிவிடுகிறது. எதிரே ஆஸ்பத்திரி வாசல் விளக்கு. "நாலு சக்கரமும் சேந்து இழுக்குதுல்ல சார், அதான்" என்று முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புகிறார் ஷோரூம்காரர். காண்ட்ராக்டர் காதில் எதுவும் விழவில்லை. அவசரமாக இறங்கிப் பின்கதவைத் திறக்கிறார். தூறலுக்கு ஒரு கையைக் குடையாக விரித்துக்கொண்டு மறுகையை உள்ளே நீட்டுகிறார். "வந்துட்டோம். மெதுவா எறங்கு." பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டில் மழைத்துளிகள் விழுந்து உருள்கின்றன.