மேல் வீட்டுத் தட்டல்

அவன் தாளம் போடும் பழைய டிரம் மெஷினை ஓடவிட்டதுமே மேல் வீட்டிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக்.

"ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள் மனைவி. "ஹெட்போன் மாட்டிக்கக் கூடாதா?"

"இந்த அடியைக் காதுல கேட்டாப் போதாது. தரையில அதிரணும்."

மெஷினை நிறுத்தினான். தட்டலும் நின்றது. மறுபடி ஓட்டினான். டொக், டொக்.

"பாத்தியா? திட்டுறதைக்கூடத் தாளம் தப்பாமத் திட்டுறாங்க."

"சிரிங்க. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்றதுக்குள்ள அதை வித்துத் தொலைங்க."

குறும்படங்களுக்கு அவன் போட்ட இசையெல்லாம் அந்த மெஷினில் பிறந்ததுதான். கம்ப்யூட்டரில் அந்த அடி வராது. இருந்தாலும் துணியால் சுற்றி வைத்துவிட்டு விளம்பரம் கொடுத்தான்.

ஐந்தாம் நாள், வாங்க வந்தவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அழைப்புமணி அடித்தது. வாசலில் மேல் வீட்டு அம்மாள்.

"என்ன தம்பி, நாலு நாளாச் சத்தத்தையே காணோம்?"

"நீங்க தட்டினது கேட்டுச்சும்மா. அதான் நிறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"நான் எங்க தட்டினேன்? அது எங்க வீட்டுக்காரரோட கைத்தடி. நடுக்குவாதம் வந்ததுலேர்ந்து எழுந்து நின்னாலே கால் தரையோட ஒட்டிக்குது. உங்க தாளம் கேட்டாத்தான் அடியெடுத்து வைக்கிறாரு. நாலு நாளாக் கட்டிலை விட்டு இறங்கல."

அவன் வந்தவர் கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டான்.

"அவரை எழுந்து நிக்கச் சொல்லுங்கம்மா. இதோ போடுறேன்."