மட்டை இறங்கும் முன்

பந்து வேலியைத் தாண்டும் என்பது மட்டையில் படும்போதே கைக்குத் தெரிந்துவிடும். அந்த நொடியில் மட்டையைச் சுழற்றி வானத்தில் எறிவது பேஸ்பால் ஆட்டக்காரன் டெரலின் பழக்கம். அவன் பிறந்த அமெரிக்காவில் அது, பந்து வீசியவன் முகத்தில் காறி உமிழ்வதற்குச் சமம். அங்கே பெரிய லீக்கில் ஒரே ஒருமுறை எறிந்தான். அடுத்து ஆட வந்தபோது பந்து நேராக அவன் விலாவுக்கு வந்தது. டெரலின் சொந்த அணிப் பயிற்சியாளர் ஹாலரன், வீசியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிபட்டவனைத்தான் பெஞ்சில் உட்காரவைத்தார், அந்த சீசன் முடியும்வரை. இப்போது அவன் ஆடும் கொரியாவிலோ மட்டையை எறியாவிட்டால்தான் ரசிகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். இந்த வருடம் இங்கே அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இன்று ஹாலரனே கடல் தாண்டி வந்து நிற்கிறார். ஆட்டத்துக்கு முன்பு அதே விலாவில் செல்லமாகத் தட்டினார்.

"வந்துடுப்பா, உனக்கு இடம் வச்சிருக்கேன். ஆனா அடிச்சதும் பேட்டைக் கீழ வச்சுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடணும். நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

"முன்வரிசையில உக்காருங்க சார்," என்றான் டெரல்.

முதல் பந்திலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. எழாமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதரைப் பார்த்துக்கொண்டே, டெரல் இதுவரை எறியாத உயரத்துக்கு மட்டையை எறிந்தான். பந்து எப்போதோ வேலிக்கு அப்பால் விழுந்துவிட்டது. மட்டை இன்னும் இறங்கவில்லை.