மரத்தரைக்கு அடியில்

மலைமேல் ஒரு வீட்டுக்கு மரத்தரை போட்டிருந்தார்கள். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி. அங்கே காற்று வந்துபோகச் சுவரில் விட்டிருந்த துளைகளை, குளிருக்குப் பயந்து வீட்டுக்காரர் சாக்கால் அடைத்துவிட்டார். மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல், தரையைத் தாங்கிய மரச்சட்டத்தில் ஏறியது.

"எனக்கு ஒரு பக்கம் இத்துப்போகுது. அவர் மிதிக்கும்போது நீ கொஞ்சம் முனகினா, கீழே என்னன்னு பார்ப்பார்" என்று சட்டம் மேலிருந்த பலகையிடம் கேட்டது.

பலகைக்குப் போன மாதம்தான் மெருகு ஏற்றியிருந்தார்கள். "விருந்தாளிங்க இருக்காங்க. அவங்க போகட்டும்" என்றது.

அவர்கள் போனதும் வேறு விருந்தாளிகள் வந்தார்கள். அன்று மதியம் வீட்டுக்காரரின் மகள் கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் நடந்து வந்தாள். அடியில் சட்டம் நடுங்குவது பலகைக்குத் தெரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் அது நீளமாக முனகியது. அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

வீட்டுக்காரர் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்துக் கீழே பார்த்தார். சாக்குகளை உருவி எறிந்தார். மண்மேல் தார்ப்பாய் விரித்தார். இற்ற சட்டத்தோடு புதுக்கட்டை ஒன்றைச் சேர்த்துத் திருகாணியால் முடுக்கினார். திரும்பப் பொருத்திய பலகையின் முகத்தில் கடப்பாரைக் காயம் தங்கிவிட்டது.

"என்னால உன் அழகு போச்சு" என்றது சட்டம்.

"அதை விடு. காத்து வருதா?"

"வருது. காய இன்னும் நாளாகும்."

"ஆகட்டும். மறுபடி வலிச்சா உடனே சொல்லு. யார் வந்திருந்தாலும் சரி."