ஐந்தாவது கட்டம்

தி.நகர் அலுவலகத்தில் சோஃபியாவுக்கு அது மூன்றாவது நாள். ஏதோ ஒரு நாட்டுக் கடற்படை வானத்திலிருந்து எடுத்த வீடியோக்கள் வரும். படகு எந்த வகைத் தாக்குதலுக்கு வருகிறது என்று அவள் குறிக்க வேண்டும். சுற்றி வளைத்தல், வேவு, மோதல், வெடிகுண்டு என்று திரையில் நான்கே கட்டங்கள். வீடியோ ஒன்றுக்கு இருபது நொடி. எதையும் முழுசாகப் பார்க்க நேரமில்லை.

வட்டமடிக்கும் சின்னப் படகு ஒன்றைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"சார், இது தாக்குதலே இல்ல."

மேற்பார்வையாளர் அச்யுத் நிமிரவில்லை. "வட்டம் போட்டா சுற்றி வளைத்தல். போட்டுட்டுப் போம்மா."

"மீன் கூட்டத்தச் சுத்தி வலை வுடுறாங்க சார். பட்டினப்பாக்கத்துல எங்க நைனா தெனம் இப்படித்தான் வுடுவாரு. அந்தாளு கையில கீறது துப்பாக்கி இல்ல, கழி."

அச்யுத் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். "ஆமா, மீன் பிடிக்கறவங்கதான்."

சோஃபியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ மீனவர்னு அஞ்சாவதா ஒரு கட்டம் போடச் சொல்லுங்க சார். சீக்கிரம், சுட்டுடப் போறாங்க!"

அவர் வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டார். திரை ஒருகணம் வெளுத்தது. பிறகு படகு இல்லை, வெறும் தண்ணீர்.

"நமக்கு வர்றதெல்லாம் சுட்டு முடிச்சதும்மா," என்றார். "ஏன் சுட்டோம்னு எழுத அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். நாலுல ஒண்ணு."