ஹிஸ்காவுக்கு மட்டும் வீசும் காற்று

“இன்னைக்கும் இல்லன்னு சொல்லிடாதீங்க வீபே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கெஞ்சினாள் ஹிஸ்கா. வீபே திரும்பவில்லை. பலகையில் காற்றின் வேகத்தைச் சாக்பீஸால் எழுதினார்.

“பதினாலு. புதுசா லைசென்ஸ் எடுத்தவங்களுக்குப் பன்னிரண்டு வரைக்கும்தான் அனுமதி. குறையட்டும், பார்க்கலாம்.”

“குறையட்டும் குறையட்டும்னே எட்டு சனிக்கிழமை போயாச்சு!”

“காத்து என் பேச்சைக் கேட்குமாம்மா?”

ஹிஸ்காவுக்கு வயது நாற்பத்து நாலு. க்ரோனிங்கன் நகரில் பஸ் ஓட்டுகிறாள். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறி, ஆகஸ்டில் பாராசூட் லைசென்ஸ் வாங்கினாள். கடைசியாகக் குதித்தது நவம்பர் தொடக்கத்தில். மூன்று மாதம் குதிக்காமல் விட்டால் லைசென்ஸ் செல்லாது. திரும்ப முதல் வகுப்பில் போய் உட்கார வேண்டும். அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. இன்னொரு தடவை அந்த வகுப்புக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை. இன்று விட்டால் விட்டதுதான்.

ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தவர்கள் தனியாகக் குதிக்கவும் கூடாது. ஒரு பயிற்சியாளர் கூடவே குதிக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த மைதானத்துக்கு வருகிற ஒரே பயிற்சியாளர் வீபே.

கேன்டீனில் சமைக்கும் ரூலி பட்டாணி சூப்பை அவள் முன்னால் வைத்தாள்.

“குடிடி. மூஞ்சியைப் பாரு, செத்துப் பிழைச்சவ மாதிரி.”

“வாரம் பூரா வண்டி ஓட்டறேன். லீவு நாள்ல விடியறதுக்கு முன்னாடி எழுந்து இங்க ஓடி வர்றேன். எதுக்கு? உன் சூப்பைக் குடிச்சிட்டுத் திரும்பிப் போக!” ஹிஸ்கா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “மத்தவங்க எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை குதிச்சாச்சு. காத்து எனக்கு மட்டும்தான் அடிக்குதா?”

“அவங்க ஆயிரம் தடவை குதிச்சவங்கடி.”

“உங்க வீபே ஹீட்டரை விட்டு நகர மாட்டேங்கறார். இத்தனை வாரத்துல ஒரு நாளாவது விமானத்துல ஏறினாரா? சோம்பேறி!”

“அப்படிச் சொல்லாதே” என்றாள் ரூலி. வேறு ஏதோ சொல்ல வந்தவள், சட்டியைக் கிளறப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு, காற்றின் போக்கைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணிக்குழல் துவண்டு தொங்கியது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் இருட்டிவிடும். ஹிஸ்கா வீபேயை வெளியே இழுக்காத குறையாக அழைத்து வந்தாள்.

“பாருங்க. எட்டுகூட இருக்காது.”

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். “மேகம் வரும்போல இருக்கே…”

“எங்க மேகம்? எங்க?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “நேராவே சொல்லிடுங்க. நான் லாயக்கில்லன்னு நினைக்கிறீங்க. என் கூடக் குதிக்க உங்களுக்கு நம்பிக்கை இல்ல. அப்படித்தானே? சொன்னா நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறேன். அலைஞ்சு அலைஞ்சு ஓய்ஞ்சு போயிட்டேன் வீபே.”

“உன்னைப் பத்தி இல்லம்மா.”

“பின்னே?”

அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

“இன்னையோட முடியுதுல்ல உனக்கு?”

“ஆமா.”

“சரி. போய்ப் பாராசூட்டை மாட்டு. நானும் வர்றேன்.”

விமானத்தில் வீபே அவளுடைய வார்களை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

“பயமா இருக்கா?”

“இல்லீங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “நிஜமாவே பயமா இல்லியா?”

“ஐயோ, நீங்க கேட்டுக் கேட்டே எனக்கு வந்துடும் போல இருக்கு!”

கதவு திறந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. ஹிஸ்கா குதித்தாள். கூடவே வந்திருக்க வேண்டியவர் ஒரு நொடி தாமதித்துத்தான் வந்தார். ஆனால் வந்துவிட்டார். அவள் முகத்துக்கு நேரே மிதந்து, கட்டை விரலை உயர்த்தினார்.

ஈரப் புல்லில் இறங்கி மண்டியிட்டவள் அப்படியே கிடந்தாள். எழுந்திருக்கவே மனமில்லை. லைசென்ஸ் பிழைத்துவிட்டது. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

“பெட்டி! பெட்டி!” என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். ரூலி கரண்டியும் கையுமாக வந்தாள்.

அந்தக் கிளப்பில் யார் எதை முதல் தடவை செய்தாலும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். ஹிஸ்கா முதல் குதிப்புக்குக் கொடுத்தாள், லைசென்ஸுக்குக் கொடுத்தாள், வாய்க்காலில் போய் விழுந்ததற்கும் கொடுத்தாள்.

“அட, விடுங்கப்பா! இது எனக்கு இருபத்தொன்பதாவது. இதுல என்ன முதல் தடவை?”

யாரும் அவளைப் பார்க்கவில்லை. வீபே தன் காரின் பின்கதவைத் திறந்து, தூசி படிந்த பீர் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்துகொண்டிருந்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

“உன்னை இல்லம்மா, என்னைக் கேக்கறாங்க” என்றார். “நவம்பர் கடைசியில என் பாராசூட் சிக்கி, நூலிழையில தப்பிச்சேன். நீ அன்னைக்கு வரல. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையாக் குதிக்கிறேன். ஒன்பது சனிக்கிழமையா இந்தப் பெட்டி வண்டியிலேயே கிடக்கு.”

பெட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“பாதி நாள் காத்து பத்துதாம்மா அடிச்சுது. மன்னிச்சிடு.”